உடைந்த மணி உடைந்தே இருக்கட்டும்: கடாரக் கதை வரிசையின் பதிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கும், கடாரக் கதை வரிசையை எழுதிவரும் எழுத்தாளர் அவர்களுக்கும்,

வணக்கம்.

மூன்றாம் பாகத்துக்கு முன்பணம் கட்டச் சொல்லும் உங்கள் அறிவிப்பு சென்ற வாரம் எனக்கும் வந்தது. விலை 85 மலேசிய வெள்ளி. கெட்டி அட்டை, தாள் விளிம்பு முழுக்க நீல வண்ணம், மடித்து வைத்த கடார (இன்றைய கெடா) வரைபடம், பக்க அடையாள நாடாவின் நுனியில் கோத்த ஒரு கண்ணாடி மணி. தீபாவளிக்கு முன்னால் வீடு தேடி வரும் என்று போட்டிருந்தீர்கள். அந்த மணியின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மூன்றாம் பாகத்தை இப்போதைக்கு அச்சுக்கு அனுப்பாதீர்கள். கதையின் நாயகி, கண்ணாடி மணி செய்யும் மணிக்காரி, தன் கையால் உடைத்த மணி உடைந்ததாகவே இருக்க வேண்டும். அதற்காகக் கதையை எங்கே திருத்த வேண்டுமோ அங்கே திருத்துங்கள். எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை, நாங்கள் காத்திருப்போம்.

நான் இலக்கியம் படித்தவள் இல்லை. பினாங்கில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். முதல் பாகத்தைத் தற்செயலாகத்தான் வாங்கினேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் பூ வாங்கப் போனபோது ஒரு கடை வாசலில் மேசை போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். அட்டையில் ஜெராய் மலை இருந்தது. அந்தப் படத்துக்காகவே எடுத்தேன். என் அம்மா முப்பது வருடம் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த தோட்டம் கெடாவில் பீடோங் பக்கம். எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால் ஜெராய் தெரியும். விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும்போது மலைமேல் மேகம் எப்படிக் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை, வெட்டு நடக்காது என்று அம்மா சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இப்போது நாங்கள் பட்டர்வொர்த்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். இனிப்புநீர் நோய் (நீரிழிவு) முற்றி அம்மாவுக்குக் கண் போய் நான்கு வருடம் ஆகிறது. வெளிச்சமும் நிழலும் தெரியும். முகம் தெரியாது. தோட்டத்தில் இருந்த காலத்தில் தமிழ் நேசன் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வந்த கதைகளைக் கத்தரித்து, சாக்கு ஊசியால் தைத்துப் புத்தகமாக வைத்திருந்தவர் அவர். பால் பிடிக்கும் மங்கு துடைத்துவிட்டு வந்த கையோடு லயத்துப் பெண்களுக்கு அதை வாசித்துக் காட்டுவார். இப்போது அவருக்கு நான் வாசிக்கிறேன். இரவு ஷிப்ட் இல்லாத நாட்களில், சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவியதும் ஓர் அத்தியாயம்.

உங்கள் முதல் பாகம் எங்களுக்கு இரண்டு மாதம் வந்தது. இதைவிட நல்ல இரண்டு மாதம் எங்கள் வீட்டில் அண்மையில் இருந்ததில்லை.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே அதைச் செய்தீர்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தைத் தாக்கியதை நம்மில் பலர் பெருமையாக ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். படையை அனுப்பியவர் பக்கம் நின்று பேசுகிறவர்கள் நிறைய. நீங்கள் இந்தக் கரையில், சுங்கை மாஸ் என்ற பழைய துறைமுக ஊரில், கண்ணாடி மணி செய்யும் ஒரு பெண்ணின் அடுப்பங்கரையில் கதையைத் தொடங்கினீர்கள். அங்கே உண்மையாகவே அந்தத் தொழில் நடந்ததற்கான தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கண்ணாடியை உருக்கி, நீளக் குழலாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடியும் சூடு காட்டிக் கூர் முனைகளை மழுக்கும் வேலையை நீங்கள் நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். அந்த நான்கு பக்கத்தையும் அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். சூட்டில் வேலை செய்கிறவர்களின் கையைப் பற்றி எழுதத் தெரிந்த ஆள் என்று உங்களைப் பாராட்டினார்.

அந்த உலகத்துக்கு நீங்கள் வைத்த விதி ஒன்றே ஒன்று. மணிக்காரி தன் நினைவு ஒன்றை மணிக்குள் இறக்கலாம். மணி உடைந்தால் அந்த நினைவு போனது போனதுதான். ஜெராயின் மலைக்காவலன் மனித உருவில் நிற்க வேண்டுமானால் ஒரு மணி உடைய வேண்டும். இவ்வளவுதான். இதற்குள் அவர்கள் இருவரின் காதலை எவ்வளவு அழகாக வைத்திருந்தீர்கள்! அவன் ஒவ்வொரு முறை மலையிறங்கி வரும்போதும் அவளிடம் ஒன்று குறைகிறது. சின்ன நினைவுகளாகப் பார்த்துப் பார்த்து உடைக்கிறாள். ஆற்றில் நீந்தக் கற்ற நாள், முதன்முதலாகத் தானே இழுத்த குழலின் நிறம். அவன் வேண்டாம் என்கிறான், அவள் கேட்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் அவனைச் சிறையிலிருந்து மீட்க அவளிடம் மிச்சம் இருந்தது ஒரே மணி. அதற்குள் அவளுடைய தாயின் முகம் இருந்தது.

அதை உடைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். அடுப்படியில் உட்கார்ந்திருக்கும் பெண் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாய் ஒரு வார்த்தையும் பேசாமல் மகளின் கையை எடுத்துத் தன் முன்கையில் இருக்கும் சூட்டுத் தழும்பின் மேல் வைக்கிறாள். கை அடையாளம் கண்டுகொள்கிறது. அத்துடன் முதல் பாகம் முடிகிறது.

அதை வாசித்து முடித்த இரவு அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டி என் நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். பால் வெட்டுகிற கத்தி பட்டு ஆறிய தழும்பு அவர் கட்டைவிரலில் உண்டு. அது என் முகத்தில் ஊர்ந்ததை நான் சொல்லி உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. கண் போன பிறகு அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே கிடையாது. அன்றைக்குத்தான், "ஒம் மொகம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா மறந்துக்கிட்டு வருதும்மா" என்றார்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரக் காரணம் உங்கள் புத்தகம். அந்த நன்றி என்றைக்கும் எனக்கு உண்டு. இனி எழுதப்போவதையும் அந்த நன்றியோடு சேர்த்தே படியுங்கள்.

இரண்டாம் பாகம் ஒன்பது மாதத்தில் வந்தது. ஒவ்வொரு மாதமும் அம்மா, "வந்துருச்சா?" என்று கேட்பார். வெளியீட்டு நாளன்று வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, ஃபெரி ஏறித் தீவுக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்தேன். முதல் பாகத்தைவிட 20 வெள்ளி கூடுதல். அதைப் பற்றி எனக்கு வருத்தமே இல்லை.

ஏழாவது அத்தியாயம். நிலவு. மலையுச்சி. ஜெராயில் பனிக்கட்டி பெய்கிறது. மலைக்காவலன் அவளை முத்தமிடுகிறான். அவள் கண்ணைத் திறந்து பார்க்கும்போது கழுத்தில் அந்த மணி முழுசாகத் தொங்குகிறது, தாயின் முகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. மூன்றே வரி. எப்படி வந்தது, யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு சொல்கூடக் கிடையாது. அடுத்த பத்தியில் அவள் பட்டுடுத்திக்கொண்டு அரண்மனைக்குப் போகிறாள்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பக்கம் ஏதும் விட்டுப்போய்விட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன். விடவில்லை.

"ஒடஞ்ச மணி எப்படிம்மா ஒட்டும்?" என்று அம்மா கேட்டார்.

இனிமேல் சொல்வார்கள் போலிருக்கிறது அம்மா என்றேன். எட்டாவது அத்தியாயத்திலும் சொல்லவில்லை, பத்தாவதிலும் சொல்லவில்லை. பன்னிரண்டாவது அத்தியாயத்தில் அந்தத் தாய் காய்ச்சலில் இறந்துபோகிறாள், அதுவும் வேறொருவர் வந்து சொல்லும் செய்தியாக. மகள் அரண்மனைத் தோட்டத்தில் நின்று, சோழ இளவரசியோடு மலைக்காவலன் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறாள். தாய் செத்த செய்தி வந்த பிறகும் அவள் அழுவது இளவரசிக்காகத்தான்.

அந்தப் பக்கத்தை என்னால் அம்மாவுக்கு வாசிக்க முடியவில்லை. ஆகவே என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இல்லாததை வாசித்தேன். மணிக்காரி ஓடி வருகிறாள், தாயின் கையைப் பிடித்துக்கொள்கிறாள், தழும்பைத் தடவுகிறாள் என்று நானாக ஏதோ சொன்னேன். அடுத்த இரவும் அப்படியே செய்தேன். வேலை முடிந்து வரும் வழியில், பஸ்ஸிலேயே உட்கார்ந்து, இன்றைக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, உங்கள் கதையைத் தாங்கிப் பிடிக்கும் வேலையும் எனக்கு வந்து சேர்ந்தது.

மூன்றாம் இரவு அம்மா என் மடியில் இருந்த புத்தகத்தின் மேல் கையை வைத்து நிறுத்தினார். "இது நீ சொல்றது. பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கோ அத படி."

படித்தேன். முழுக்கக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப அவ குடுத்தது என்னத்துக்கு?"

ஐயா, அம்மா, இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

வெளியீட்டு விழாவுக்குப் பிறகு நடந்த வாசகர் சந்திப்பில் இதையே வேறு மாதிரி ஒரு தங்கை கேட்டார். மேடையிலிருந்த உங்களில் ஒருவர், "இது காதல் கதைதானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?" என்றார். அந்தப் பெண் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டார். நான் அவருக்குப் பின்வரிசையில் இருந்தேன், அப்போதே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசாமல் இருந்தது இன்றுவரை உறுத்துகிறது. எனவே இப்போது சொல்கிறேன். காதல் கதை என்பதால்தான் கேட்கிறோம். அவன் மனிதனாக நிற்பதற்கு அவள் எதை இழந்தாள் என்பதுதான் அந்தக் காதலே. இழந்தது முத்தத்தில் திரும்பி வந்துவிடும் என்றால் முதல் பாகத்தில் அவள் தாயின் வாசலில் நின்ற அந்த நிமிடம் பொய்யாகிவிடுகிறது. மந்திரக் கதையில் எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்று நினைப்பது தவறு. நீங்களே ஒரு விதியை வைத்து எங்களை நம்பச் சொன்னீர்கள், நாங்கள் நம்பினோம். கொடுத்த வாக்கு அது.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சுங்கை மாஸ் அடுப்பு இரண்டாம் பாகத்தில் ஒரு தடவைகூட எரியவில்லை. மணிக்காரி மணியே செய்வதில்லை. அவளும் மலைக்காவலனும் நூறு பக்கம் ஒருவரையொருவர் தவறாக நினைத்துக்கொண்டு சுற்றுகிறார்கள், ஒரு நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். சத்திரத்தில் ஒரே கட்டில்தான் இருக்கிறது என்ற காட்சி வருகிறது. மற்ற நாட்டுக் கதைகளில் எல்லோரும் வைக்கிறார்கள் என்பதற்காக இங்கேயும் வைத்திருக்கிறீர்கள். கடாரத்தில் பாயில் படுப்பவர்கள் என்று முதல் பாகத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள். ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். அங்கே பனிக்கட்டி பெய்யலாம், கதைதானே, ஆனால் ஏன் பெய்கிறது என்று யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்துக் கேட்டிருக்க வேண்டாமா? மலையடிவாரத்தில் பிறந்தவள் ஒருத்தி அதைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை. மெர்போக் ஆற்றின் ஏற்ற இறக்கம் பார்த்துக் கண்டல் காட்டுக்குள் படகை நிறுத்தத் தெரிந்த அந்தப் பெண் எங்கே போனாள்?

பேச்சும் மாறிவிட்டது. முதல் பாகத்தில் துறைமுகத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் "பசியாறிட்டியா?" என்று கேட்டார்கள். நம் வீட்டுப் பேச்சை அச்சில் கண்ட மகிழ்ச்சியில் நான் அந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இரண்டாம் பாகத்தில் எல்லோரும் சென்னைப் படத்தில் வருகிறவர்கள் மாதிரிப் பேசுகிறார்கள். சென்னைப் பேச்சில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அது அவர்கள் வாயில் வர வேண்டிய பேச்சு இல்லை. கடல் தாண்டியும் விற்க வேண்டும் என்பதற்காக மாற்றினீர்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையாக இருந்தால் மிகவும் வருத்தமான விஷயம். அந்தக் கரையிலிருந்து நமக்குப் புத்தகங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. இந்தக் கரையிலிருந்து போக வேண்டியது இந்தக் கரையின் பேச்சுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நானே யோசித்துப் பார்த்தேன். நம்மிடம் மிச்சம் இருப்பது மிகக் கொஞ்சம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11-ஆம் எண் சண்டியை (பழங்கோயிலை) ஒரு வீடமைப்பு நிறுவனம் இடித்துத் தள்ளிய செய்தி 2013-இல் வந்தபோது, அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிந்த காலம். நாளிதழை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரம் வருடம் கிடந்த கல்லை ஒரு நாளில் வாரிப் போட்டுவிட்டார்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் போயின, அம்மா தைத்து வைத்திருந்த கதைப் புத்தகங்களும் வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டன. நம் ஆட்கள் படிப்பதில்லை என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். படிக்கிறவர்கள் வரிசையில் நின்று வாங்கிப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால், காதல் கதைதானே என்கிறார்கள். கேள்வி கேட்கிற வாசகி உங்களுக்குக் கிடைத்த சொத்து இல்லையா? அவளையும் இழந்துவிட்டு விளிம்பில் நீலம் பூசி யாருக்கு விற்கப்போகிறீர்கள்?

மன்னிக்க வேண்டும். சூடாகிவிட்டேன். கேட்க வந்ததைப் பணிவாகவே மறுபடியும் கேட்கிறேன்.

எழுத்தாளர் அவர்களே, முதல் பாகத்தை எழுதி முடிக்க நான்கு வருடம் ஆனதாக முன்னுரையில் சொல்லியிருந்தீர்கள். ஒன்பது மாதத்தில் இரண்டாம் பாகம் வேண்டும் என்று உங்களை யாரோ நெருக்கியிருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். நான்கு பக்கம் அடுப்பைப் பற்றி எழுதிய கை இவ்வளவு சீக்கிரம் மறந்துபோகாது. பதிப்பாசிரியர் அவர்களே, அந்த நெருக்கடியை எடுத்துவிடுங்கள். இந்தத் தீபாவளி போனால் அடுத்த தீபாவளி வரும். கையெழுத்துப் பிரதியைக் கோடு போட்டுத் திருத்தி, ஏன் பனி பெய்கிறது, மணி எப்படி ஒட்டியது என்று ஓரத்தில் எழுதிக் கேட்கிற ஒருவரை அவருக்குக் கொடுங்கள். வண்ண விளிம்புக்கு ஆகும் செலவை அதற்குச் செய்யுங்கள்.

இரண்டாம் பாகம் அச்சாகிவிட்டது, அதை அழிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வழி இருக்கிறது என்றே நம்புகிறேன். அந்த நிலவு இரவில் அவள் கழுத்தில் தொங்கியது அவளுடைய மணிதானா என்று மூன்றாம் பாகத்தில் அவளே ஒரு நாள் எடுத்துப் பார்க்கலாம். மணி செய்கிறவளுக்குத் தன் கைவேலை தெரியாதா? கையில் உருட்டிப் பார்த்தால் முனை மழுங்கிய விதத்திலேயே சொல்லிவிடுவாள், இது நான் செய்ததில்லை என்று. அப்படியானால் தாயின் முகம் என்று அவளுக்குள் வந்தது யாருடைய முகம்? அதை யார் கொடுத்தார்கள், எதற்காக? இதை யோசனையாகச் சொன்னது நான் இல்லை, அம்மா. ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டுச் சொன்னார். உங்களுக்குப் பயன்படும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் போட வேண்டாம் என்றும் சொன்னார். இதைவிட நல்ல வழி உங்களுக்குத் தோன்றினால் இன்னும் நல்லது. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். உடைந்த மணி உடைந்தே இருக்கட்டும்.

முன்பணப் படிவத்தில் பெயரும் முகவரியும் எழுதி வைத்திருக்கிறேன். 85 வெள்ளியும் தனியாக எடுத்து வைத்தாகிவிட்டது. அனுப்பவில்லை. அச்சைத் தள்ளி வைக்கிறோம் என்று உங்களிடமிருந்து இரண்டு வரி வந்தால் அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன், புத்தகம் எப்போது வந்தாலும் சரி. அதுவரை இரவில் முதல் பாகத்தையே மறுபடியும் வாசித்துக்கொண்டிருக்கிறோம். நேற்று, குழலை இழுக்கும் இடத்துக்கு வந்திருக்கிறோம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி, அவருடைய அம்மாவுக்கும் சேர்த்து